லேமினேஷன் போட்ட பொய்

ரஞ்சிதம் வேகமாக டைப் அடிப்பாள். ஆனால் செஞ்சி கடைத்தெருவில் அவளுக்கு இருந்த நல்ல பெயர் வேகத்தால் வந்ததல்ல, வாயை மூடிக்கொண்டிருப்பதால் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பட்டா மாற்றக் கேட்கும் மனு, அண்ணன் தம்பிக்கு எழுதும் சண்டைக் கடிதம், கையெழுத்தில்லாத புகார், கோபித்துக்கொண்டு போன மருமகளுக்கு நோட்டீஸ் என்று தாலுகாவின் பாதி ரகசியம் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. ஒன்றாவது வெளியே கசிந்ததா என்றால் கிடையாது. அவள் புருஷன் ராமகிருஷ்ணன் லோடு வேன் ஓட்டுகிறவர், ஊர்க்கதை என்றால் சோறு வேண்டாத ஆள். அவர் எத்தனை கிண்டினாலும், "அது கம்ப்யூட்டர்ல இருக்குது, வாயில இல்ல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் நிலாவின் ரகசியத்தை அச்சடித்து, அறுபது பிரதி எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து ஊருக்குக் கொடுத்தாள். அதுவும் இங்கிலீஷில்.

இங்கிலீஷ் அவளுக்கு வந்து சேர்ந்த வழியே தனி. மலையனூர் போகிற பாதையில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவள். தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்து, மூன்று பேப்பரில் தட்டுத்தடுமாறி, கடைசியில் பாஸ் செய்தாள். யாராவது எதிரே நின்று இங்கிலீஷில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கீபோர்டில் கை வைத்துவிட்டால் ஸ்பெல்லிங் ஒன்று பிசகாது. பார்த்துப் பார்த்து அடித்ததில் எந்த வார்த்தை எதற்குப் பக்கத்தில் உட்காரும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த விரலுக்கு வேலை கொடுத்தவர் ஆதிநாராயணன் சார். பாத்திரக்கடை வீட்டின் கடைசிப் பிள்ளை. குடமும் குண்டானும் விற்கப் பிடிக்காமல் கடை மாடியிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். வகுப்பில் தமிழே கூடாது என்பது அவர் சட்டம். நோட்ஸிலும் தமிழ் அர்த்தம் போட விடமாட்டார். வாக்கியத்தைப் பார்த்தே அர்த்தம் பிடிபட வேண்டும் என்பார். போன தை மாதம் ஃப்ரேசல் வெர்ப் நூறு என்று ஒரு கட்டுக் கையெழுத்துத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு சின்ன வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு அர்த்தம் கொடுக்குமே, அந்தச் சமாச்சாரம். ஒவ்வொன்றுக்கும் ஏதோ பழைய கைடிலிருந்து எடுத்த வாக்கியம். எல்லாவற்றிலும் லண்டன் இருந்தது, பனி பெய்தது, ஒரு ராஜா வந்து போனார்.

"சார், ஸ்னோ பெய்யுதுன்னு போட்டா இங்க யாருக்கு மனசுல நிக்கும்? நம்ம ஊரு ஆளுங்கள போட்டா இன்னா சார்?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

"அப்ப நீங்களே போடுங்க ரஞ்சிதம்."

போட்டாள். மருந்துக்கடை ஜெகதீஷ் கடைக்கு வெள்ளையடிப்பதை மூன்று வருஷமாகத் தள்ளிப்போடுகிறார் என்று ‘புட் ஆஃப்’ என்பதற்கு ஒன்று. சாரின் அம்மா மனோரமா, மழை பிடித்ததால் அமாவாசைக்கு மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவதையே கைவிட்டார் என்று ‘கால் ஆஃப்’ என்பதற்கு ஒன்று. வகுப்பில் சிரிப்பு தாங்கவில்லையாம். சிரித்தவர்களுக்கு வார்த்தை மறக்கவில்லை. ஜெகதீஷே கடைக்கு வந்து, "என் பேர் இருக்கற பக்கத்த மட்டும் ஒரு காப்பி குடும்மா" என்று வாங்கிப்போய்க் கல்லா மேல் ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் ‘டி.டி.பி: ரஞ்சிதம்’ என்று இங்கிலீஷில் போட்டுக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அதுதான்.

இப்படியே வந்து ‘டர்ன் டவுன்’ என்கிற இடத்தில் மாட்டிக்கொண்டாள். மனோரமா அம்மா அழுகிய தக்காளியை டர்ன் டவுன் பண்ணார் என்று எழுதினாள். சார் தலையை ஆட்டிவிட்டார்.

"தக்காளி நம்மள கேட்டுச்சா? இதுக்கு யாராவது ஒண்ணு குடுக்கணும். வாங்கிக்கோன்னு மரியாதையா நீட்டணும். அத்த வேணாம்னு சொன்னாத்தான் டர்ன் டவுன். வெறும் ‘நோ’ இல்ல."

அவருக்கு என்ன, சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். ரஞ்சிதம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதே திரையில், இன்னொரு ஜன்னலில், காலையில் அடித்த கடிதம் ஒன்று இன்னும் மூடாமல் கிடந்தது.

அது நிலாவின் கடிதம். நிலா அவள் பிறந்த தெருக்காரி, எட்டு வயது இளையவள், கூடப் பிறந்த தங்கை மாதிரி. எம்.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள், அதிகாரி வேலைக்கான பெரிய பரீட்சைக்கும் படிக்கிறாள். அவளுக்கு ஒரு அரசாங்க ஆபீசில் அலுவலக உதவியாளர், பழைய பேச்சில் பியூன், வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத்தான் காலையில் வந்தாள். ‘சொந்தக் காரணங்களால் பணியில் சேர இயலவில்லை’ என்று ரஞ்சிதம் அடித்துக் கொடுத்தாள்.

"நைனாகிட்ட கெடைக்கலன்னு சொல்லிட்டேன். நீ வாய தொறந்துடாத அக்கா" என்றாள் நிலா.

"என்கிட்டயா சொல்ற?" என்று ரஞ்சிதம் கோபித்துக்கொண்டாள். நிஜமாகவே கோபம்தான்.

இப்போது கடிதத்தைப் பார்த்தாள், சார் சொன்னதை நினைத்தாள். ஒருவர் நீட்டினார், இவள் வேண்டாம் என்றாள். இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? விரல் தானாகவே அடித்தது: ‘நிலா டர்ன்டு டவுன் எ கவர்ன்மென்ட் ஜாப்.’ அடித்த பிறகு அழிக்கலாம் என்றுதான் கையைக் கொண்டுபோனாள். வாக்கியம் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. பெயரையாவது மாற்றலாமென்று வேறு பெயர்களைப் போட்டுப் பார்த்தாள், எதுவும் அந்த அளவுக்குச் சிக்கென்று இல்லை. ஊரில் எத்தனையோ நிலா என்று சொல்லிக்கொண்டாள். அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு ஓடியது. அவங்க வீட்டில் யார் இங்கிலீஷ் படிக்கப் போகிறார்கள் என்பதுதான் அது. அதே காலனியில் பிறந்தவள் நினைக்கிற நினைப்பா இது? பின்னாளில் அவளை அறுத்தது முக்கியமாக அந்த நினைப்புதான்.

சார் அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இதான் சென்டென்ஸ்" என்றார். அவள் ஒரு வாரம் காலைத் தரையில் வைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அடுத்த பேட்சுக்கு மறுபடி அச்சடித்தபோதும் அந்த வரியை எடுக்கவில்லை. அந்த முறை மை சரியாக விழாமல் இருபது முப்பது தாள் வீணானது. வீணாகிற தாளெல்லாம் பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக் கடைக்குப் போய்விடும். பதிலுக்கு இரண்டு வேளை டீ வரும். கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ரஞ்சிதம்தான்.

இரண்டு நாள் கழித்து நிலாவின் அப்பா கோவிந்தசாமி கடை வாசலில் வந்து நின்றார். அவர் எந்த ஆபீசில் இருபத்தேழு வருஷம் தினக்கூலிக்குப் பெருக்கிக் கூட்டி, எடுபிடி வேலை செய்தாரோ, அதே ஆபீசில்தான் மகளுக்கு ஆர்டர் வந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. ‘கெடைக்கல’ என்று மகள் சொன்னதை நம்பி, அன்று ராத்திரி அவளுக்குத்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"இன்னா மாமா, இந்தப் பக்கம்?"

அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய் ஊறின ஒரு தாளை எடுத்து, கண்ணாடி மேஜைமேல் நீவி நீவி விரித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"பஜ்ஜி மடிச்சுக் குடுத்த பேப்பரும்மா. இது நிலா பேருதான? என், ஐ, எல், ஏ. பாப்பாவ ஸ்கூல்ல சேக்கச்சொல்ல வாத்தியாரு எழுதிக் காட்டுனாரு. மண்ணுல எழுதி எழுதிக் கத்துக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே இந்த நாலு எழுத்துதான். இதுல நம்ம பொண்ணப் பத்தி இன்னாம்மா போட்டிருக்குது?"

தாளின் அடியில், அவர் கட்டை விரலுக்குப் பக்கத்திலேயே, ரஞ்சிதத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது.

நம்ம நிலா இல்ல மாமா, வேற யாரோ என்று சொல்லியிருந்தால் மடித்து எறிந்துவிட்டுப் போயிருப்பார். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கவர்ன்மென்ட், ஜாப் என்கிற வார்த்தைகளை வேறு யாராவது வாசித்தால் இவர் காது பிடித்துக்கொள்ளுமே என்ற பயத்தில், உண்மைக்குப் பக்கத்திலேயே ஒரு பொய்யை எடுத்து வைத்தாள்.

"நிலாவுக்குக் கவர்ன்மென்ட் வேல கெடைக்கும்னு போட்டிருக்குது மாமா."

"புக்குலயேவா?"

"சாரு நோட்ஸ் மாமா. ஒரு இதுக்கு... எடுத்துக்காட்டுக்குப் போடுவாங்க."

மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பிரிண்டரில் தாள் வைப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

"அவ சோர்ந்து போயிருக்காம்மா. கெடைக்கலன்னதுலேர்ந்து வேலையப் பத்திப் பேச்சே எடுக்கறதில்ல. இத்தக் காட்டுனா ஒரு தெம்பு வரும். நல்லா கெட்டியா லேமினேஷன் போட்டுக் குடு."

மெஷின் சூடாக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். தாளைத் துணியால் ஒற்றி எண்ணெய் எடுத்தாள், ஓரத்தை நேராக வெட்டினாள், உறைக்குள் வைத்தாள், உருளைக்குள் விட்டாள். சுடச்சுட வெளியே வந்தபோது நிலாவின் பெயரைச் சுற்றி எண்ணெய்க்கறை பிளாஸ்டிக்குக்குள் அப்படியே உறைந்திருந்தது. அவர் நீட்டிய பணத்தை வேண்டாம் என்றாள். சார் சொன்ன இலக்கணப்படி அதுவும் டர்ன் டவுன்தான் என்று மனசுக்குள் ஓடியது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதன்பின் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தவறு ஒன்று என்றால் எண்ணி முடிக்கலாம். ரகசியத்தை எழுதியது, இரண்டாவது முறையும் அச்சடித்தது, பஜ்ஜிக் கடையில் கொடுத்தது, பொய் சொன்னது, அந்தப் பொய்யை நனையாமல் கிழியாமல் கெட்டியாக்கிக் கையில் கொடுத்தது. ராமகிருஷ்ணன், "இன்னா, கம்ப்யூட்டர்ல எதாவது மாட்டிக்கிச்சா?" என்று கிண்டல் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் நிலா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டியிருக்காரு. அடியில உன் பேரு இருக்குது அக்கா."

ரஞ்சிதம் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுனதும் நீ. தப்பாப் படிச்சுச் சொன்னதும் நீ. அத்தக்கூட விட்டுடறேன். தெனம் சாயங்காலம் நான் போனதும் படிக்கச் சொல்றாரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் ‘படிச்சுக் காட்டு பாப்பா’ன்றாரு. நானும் படிச்சு, நீ சொன்ன அர்த்தத்தையே சொல்றேன். நீ அந்தப் பொய்ய ஒரு தபாதான் சொன்ன. நான் தெனம் சொல்றேன்."

"நீயே உண்மையச் சொல்லிடேன் நிலா. எத்தினி நாளைக்கு..."

"இன்னான்னு சொல்றது? ஏன் போகலன்னு கேப்பாரே. அந்த ஆபீஸ்ல அவர வயசுல சின்னவன்கூட ‘டேய் கோவிந்தா’ன்னு கூப்ட்டான். சின்னப் பொண்ணா சோறு எடுத்துட்டுப் போகச்சொல்ல என் காதால கேட்டிருக்கேன். அவங்களுக்கு நான் டீ கிளாஸ் தூக்க மாட்டேன்னு சொல்லணும். இருபத்தேழு வருஷம் அவரு அத்தத்தான அக்கா தூக்குனாரு? அவரு மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது வழக்கமாகச் சொல்லும் ‘வரேன்க்கா’ இல்லை.

ஞாயிறும் திங்களும் ரஞ்சிதம் தன்னோடேயே சண்டை போட்டாள். சொன்னால் பெரியவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அந்தப் பெண் தினமும் சாயங்காலம் தன் வாயாலேயே அப்பாவை ஏமாற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மலையனூர் டவுன் பஸ்ஸில் ஏறினாள். செஞ்சிக் கோட்டை மலை பின்னால் போகும்வரை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். ஒன்றும் அமையவில்லை.

கோவிந்தசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை உரித்து வேர்க்கடலையைக் குவித்துக்கொண்டிருந்தார். மனைவி மீனம்பாள் நூறு நாள் வேலைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

"வாம்மா வா. நல்ல நேரத்துல வந்த. நிலா படிச்சா ஒரு உசுரே இல்ல, முழுங்கி முழுங்கிப் படிக்குது. நீ ஒரு தபா நல்லாப் படி." எழுந்துபோய் ஆணியிலிருந்து கழற்றிவந்து அவள் கையில் கொடுத்தார்.

நின்றபடியே இங்கிலீஷில் படித்தாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், "நிலா ஒரு கவர்ன்மென்ட் வேலைய வேணாம்னு சொல்லிட்டா. இதான் மாமா இதுல போட்டிருக்குது. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

மல்லாட்டை உடைபடும் சத்தம் நின்றது.

"அப்ப கெடச்சுதா?"

ரஞ்சிதம் எதிர்பார்த்த எத்தனையோ கேள்விகளில் இது இல்லை.

"கெடச்சுது மாமா. ஆர்டரே வந்துச்சு. நீங்க இருந்த ஆபீஸ்லதான். ஆபீஸ் அசிஸ்டென்ட். வேணாம்னு லெட்டர் அடிச்சுக் குடுத்ததும் நான்தான். அத்தையே எடுத்து இதுல எழுதுனதும் நான்தான்."

அவர் முறத்தில் தொலியை ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஏன் வேண்டாம் என்றாள் என்று கேட்கவே இல்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சரியாத்தான் பண்ணியிருக்குது" என்றார் கடைசியில். "அங்க பாப்பா போக வேணாம். நான் இருந்த எடம் அது. எனக்குத் தெரியாதா?" பிறகு, "பத்துப் பதினஞ்சு பேருகிட்டக் காட்டிட்டேன்மா. கண்டக்டருகிட்டக்கூடக் காட்டுனேன். அந்தாளு படிச்சுட்டு ஒரு மாதிரி என்னைப் பாத்தாரு. இப்பத்தான் புரியுது" என்றார்.

"மன்னிச்சிடுங்க மாமா."

"வேணாம்னு சொன்னத இங்கிலீஷ்ல எழுதி ஊருக்கே குடுத்திருக்கீங்க. தமிழ்ல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வரல." அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ரஞ்சிதத்துக்கு இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழ யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

அவர் தோள்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி மடியில் வைத்தார்.

"வேணாம்னு சொன்னது எந்த எழுத்து? வெரல வெச்சுக் காட்டு."

"இது ரெண்டும் மாமா. டர்ன்டு. டவுன்."

"டர்ன்டு. டவுன்." பிளாஸ்டிக்மேல் அவர் விரல் அவள் விரலுக்குப் பின்னாலேயே வந்தது. "இது?"

"கவர்ன்மென்ட். அடுத்தது ஜாப்."

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ‘டர்ன்டு’ என்பது மட்டும் நாக்கில் சிக்கியது. பத்துப் பன்னிரண்டு தடவை சொன்ன பிறகு அதுவும் வந்துவிட்டது. ரஞ்சிதம் கிளம்ப எழுந்தாள்.

"இரு. நிலா ஆறு மணி வண்டில வந்துடும். நீயும் இருக்கணும்" என்றார்.

இருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தாள். ஆறேகாலுக்குத் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. கைப்பையோடு வந்த நிலா, வாசலில் ரஞ்சிதத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அப்பாவின் மடியில் அட்டை இருந்தது. வழக்கம்போலப் படிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, பையை இறக்கி வைத்துவிட்டு அதற்குக் கையை நீட்டினாள்.

"வேணாம் பாப்பா. இன்னிக்கி நீ படிக்க வேணாம். நான் படிக்கிறேன், கேளு."

எண்ணெய்க்கறைக்கு நடுவே அவருக்குத் தெரிந்த நாலு எழுத்தில் விரலை வைத்தார். ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக, தப்பில்லாமல் படித்தார்.

"நிலா. டர்ன்டு. டவுன். எ. கவர்ன்மென்ட். ஜாப்."

நிலா அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். ரஞ்சிதம் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உரித்து முடித்த தொலியையே மறுபடி மறுபடி உடைத்துக்கொண்டிருந்தாள்.